கல்லூரிக் கூடைப்பந்து வீரருக்கு என்பிஏ டிராஃப்டில் இடம் உண்டா? கணிக்கும் முறை

2014–15 பருவத்தில் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணி தொடர்ந்து 38 ஆட்டங்களை வென்று, 39ஆவது ஆட்டத்தில் விஸ்கான்சினிடம் தோற்று வெளியேறியது. அந்த அணியில் சராசரியாக அதிகப் புள்ளி எடுத்தவர் ஆரன் ஹாரிசன். ஆட்டத்துக்கு 11 புள்ளி. அந்த ஆண்டு டிராஃப்டில், அதாவது புதிய வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் கென்டக்கியிலிருந்து 6 பேரை எடுத்துக்கொண்டன. அந்த ஆறு பேரில் ஆரன் ஹாரிசன் இல்லை. 10.3 புள்ளி எடுத்த கார்ல்-ஆன்டனி டவுன்ஸ் முதல் ஆளாகப் போனார். ஒரு ஆட்டத்தில்கூடத் தொடக்க ஐவரில் இறங்காத டெவின் புக்கர் 13ஆவது ஆளாகப் போனார். இரண்டே ஆண்டுகளில் என்பிஏ ஆட்டம் ஒன்றில் 70 புள்ளி எடுத்தார்.

"இந்தப் பையனை எடுப்பார்களா?" என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கூடைப்பந்துப் போட்டிகளில் ஸ்கோர் ஷீட் எழுதும் மேசையில் உட்கார்ந்து பழகியவன் நான். அந்தத் தாளில் எது ஏறும், எது ஏறாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். போட்ட கூடை ஏறும், செய்த ஃபவுல் ஏறும். எதிராளி பந்தை வாங்கவே முடியாதபடி இருபது விநாடி மறித்து நின்றவனுடைய உழைப்பு ஏறாது. என்பிஏ அணிகள் காசு கொடுத்து வாங்குவதில் பாதி அந்த ஏறாத பகுதி. கல்லூரியில் இவர் என்ன செய்தார் என்பதோடு நிற்காமல், லீக்கில் இவரை எந்த வேலைக்குக் களத்தில் இறக்குவார்கள் என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்குத்தான்.

முதலில் இடங்களை எண்ணுங்கள்

டிராஃப்டில் 30 அணிகள், 2 சுற்றுகள், மொத்தம் 60 இடங்கள். விதிமீறலுக்காக ஏதாவது ஒரு அணி தன் இடத்தை இழந்தால் அதிலும் ஒன்றிரண்டு குறையும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் முதல் பிரிவில் மட்டும் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. ஒவ்வொன்றிலும் பதின்மூன்று, பதினைந்து பேர். இவர்களோடு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தொழில்முறையில் ஆடும் இளைஞர்களும் அதே 60 இடங்களுக்குத்தான் வருகிறார்கள். தன் கல்லூரி ஆடும் குழுவிலேயே (கான்ஃபரன்ஸ்) சிறந்த வீரர் என்ற பட்டம் வாங்கியவர்கூட இடம் கிடைக்காமல் போவது அதனால்தான்.

"எடுப்பார்களா, மாட்டார்களா" என்று இரண்டாகப் பிரிக்காமல் நான்காகப் பிரியுங்கள்: லாட்டரிக்குள் (பின்தங்கிய அணிகளுக்கான குலுக்கல்) வரும் முதல் 14 இடங்கள், முதல் சுற்றின் மீதி, இரண்டாம் சுற்று, தேர்வாகாமை. முன்கூட்டியே டிராஃப்டுக்குப் போக நினைக்கும் கல்லூரி வீரருக்குக் கருத்துச் சொல்ல என்பிஏ வைத்திருக்கும் ஆலோசனைக் குழுவும் ஏறத்தாழ இப்படித்தான் வகைப்படுத்திச் சொல்கிறது. முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. முதல் சுற்றில் எடுக்கப்படுபவருக்கு அட்டவணைப்படி சம்பளம். முதல் இரண்டு பருவங்களுக்கு உத்தரவாதம் உண்டு, மூன்றாவதும் நான்காவதும் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் அந்த அட்டவணை கிடையாது. பேசி முடிப்பதுதான் சம்பளம். 30ஆவது இடத்துக்கும் 31ஆவது இடத்துக்கும் திறமையில் வேறுபாடு இருக்காது. வாழ்க்கையில் இருக்கும்.

எண்களை எந்த வரிசையில் படிப்பது

நான் முதலில் பார்ப்பது பிறந்த தேதி. லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2005ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு, டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும். அமெரிக்க வீரராக இருந்தால் பள்ளி முடித்து ஓராண்டாவது கடந்திருக்க வேண்டும். அதனால் முதலாண்டு மாணவரும் ஐந்தாம் ஆண்டு மாணவரும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். 18 வயதில் 15 புள்ளி எடுப்பதும் 23 வயதில் 15 புள்ளி எடுப்பதும் ஒன்றல்ல. பின்னவர் தன்னைவிட நான்கைந்து வயது சிறியவர்களோடு மோதி அதை எடுத்திருக்கிறார். 2025இல் முதல் இடத்தில் போன டியூக் பல்கலைக்கழகத்தின் கூப்பர் ஃபிளாக் டிராஃப்ட் நாளில் 18 வயதுக்காரர்; நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதை அந்த வயதில் வாங்கியிருந்தார் என்பதுதான் அணிகளை அசைத்தது.

வயது கூடியவர் பயனில்லாதவர் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். வர்ஜீனியாவில் படிப்பை முடித்து 23 வயதில் வந்த மால்கம் பிராக்டனை 2016இல் 36ஆவது இடத்தில்தான் எடுத்தார்கள். மறு ஆண்டு சிறந்த புதுமுக வீரர் விருது அவருக்குத்தான். வயதானவரிடம் இன்றே பயன்படும் ஏதாவது ஒன்றை எதிர்பார்க்கிறார்கள், சிறியவரிடம் நாளைய உயரத்தை. எந்தக் கணக்கில் இவரை நிறுத்துகிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள்.

அடுத்தது, ஆடிய நிமிடங்கள். ஆட்டத்துக்கு 10 புள்ளி என்பதை 21 நிமிடத்தில் எடுத்தாரா, 36 நிமிடத்தில் எடுத்தாரா? டவுன்ஸ் ஏறத்தாழ 21 நிமிடம்தான் ஆடினார். எல்லா எண்களையும் 40 நிமிடத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டால் ஒப்பிடுவது எளிது.

பிறகு ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்குப் பின் கிடைக்கும் தனி எறிதல். மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எத்தனை சதவீதம் போட்டார் என்பதைவிட, ஃப்ரீ த்ரோ கோட்டில் எத்தனை சதவீதம் என்பதை நான் அதிகம் நம்புகிறேன். கல்லூரிப் பருவம் முப்பதுக்குச் சற்று மேற்பட்ட ஆட்டங்கள்தான்; அதில் ஒருவர் எறியும் மூன்று புள்ளி எறிதல்கள் நூறு, நூற்றைம்பதுக்குள் அடங்கிவிடலாம். பத்துப் பந்து வளையத்தில் உருண்டு வெளியே போனால் சதவீதமே மாறிவிடும். ஃப்ரீ த்ரோவில் தூரம் மாறாது, மறிப்பவர் கிடையாது. மிஞ்சுவது கையின் பழக்கம் மட்டும். 80 சதவீதத்துக்கு மேல் போடுபவருடைய மூன்று புள்ளி எண் சுமாராக இருந்தாலும் பொறுத்துப் பார்க்கலாம். 60 சதவீதத்தில் நிற்பவர் ஒரு பருவம் 40 சதவீத மூன்று புள்ளி போட்டிருந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கவாய் லெனர்டு சான் டியாகோ ஸ்டேட்டில் ஆடிய இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று புள்ளி எறிதலில் ஏறத்தாழ 25 சதவீதம்தான். ஃப்ரீ த்ரோவில் 70ஐத் தாண்டியிருந்தார். என்பிஏவில் அவருடைய எறியும் முறையைத் திருத்தினார்கள், பந்து உள்ளே விழத் தொடங்கியது.

அசிஸ்ட்டையும் (கூடையாக முடியும் பாஸ்) பந்தைப் பறிகொடுத்த கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 2018–19இல் ஐயோவா ஸ்டேட்டில் முதலாண்டு மாணவராக இருந்த டைரீஸ் ஹாலிபர்ட்டன் ஆட்டத்துக்கு 6.8 புள்ளிதான் எடுத்தார். யாரும் திரும்பிப் பார்க்காத எண். ஆனால் 3.6 அசிஸ்ட்டுக்கு 0.8 முறைதான் பந்தைப் பறிகொடுத்தார். நட்சத்திரத்துக்குத் துணையாக நின்று ஆடத் தெரிந்தவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தாளில் கிடைக்காது. 2020 டிராஃப்டில் 12ஆவது இடத்தில் போனார். இன்னும் முன்னால் போயிருக்க வேண்டியவர் என்பது என் கருத்து.

ஸ்டீல் (எதிராளியின் பந்தைப் பறிப்பது), பிளாக் (எறிதலைத் தடுப்பது) இரண்டையும் பாருங்கள். உடல் வேகமும் முன்கூட்டியே உணரும் திறனும் தாளில் கொஞ்சமாவது பதிவாகும் இடங்கள் அவை. புள்ளியைக் கடைசியில் பாருங்கள்.

அணியின் வெற்றி தோல்வியை நான் நோட்டில் எழுதுவதே இல்லை. 2017இல் முதல் இடத்தில் போன மார்க்கெல் ஃபுல்ட்ஸ் இருந்த வாஷிங்டன் அணி 9 வெற்றி, 22 தோல்வி. 2025இல் 2ஆவது, 5ஆவது இடங்களில் போன டிலன் ஹார்ப்பரும் ஏஸ் பெய்லியும் ஒரே ரட்கர்ஸ் அணியில் ஆடியவர்கள். அந்த அணி மார்ச்சில் நடக்கும் தேசியக் கல்லூரிப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. மார்ச் மாதத்து ஒற்றை ஆட்டங்களும் கண்ணைக் கட்டிவிடும். 2024 மார்ச்சில் ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தின் ஜாக் கோல்கி 10 மூன்று புள்ளிகள் போட்டு கென்டக்கியை வீட்டுக்கு அனுப்பினார். அழகான ஆட்டம். அன்று கென்டக்கிக்கு 3 புள்ளி மட்டுமே எடுத்த ரீட் ஷெப்பர்ட் மூன்று மாதம் கழித்து 3ஆவது இடத்தில் போனார். கோல்கியை யாரும் எடுக்கவில்லை. ஷெப்பர்ட் அந்தப் பருவம் முழுவதும் மூன்று புள்ளி எறிதலில் 52 சதவீதம் போட்டிருந்தார். அணிகள் பார்த்தது பருவத்தை.

களம் வேறு, விதி வேறு

கல்லூரி எண்ணை அப்படியே என்பிஏவுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், என்பிஏ 48. கல்லூரியில் எறிவதற்கு 30 விநாடி, என்பிஏவில் 24. மூன்று புள்ளிக் கோடு கல்லூரியில் 22 அடி 1¾ அங்குலம். என்பிஏவில் நடுப்பகுதியில் 23 அடி 9 அங்குலம், மூலைகளில் 22 அடி. நடுவிலிருந்து எறிபவருக்கு ஒன்றரை அடிக்கும் மேல் கூடுகிறது. ஆகவே ஒருவர் மூன்று புள்ளி போடும்போது கோட்டை ஒட்டி நின்று போடுகிறாரா, ஓரடி இரண்டடி தள்ளி நின்று போடுகிறாரா என்று காலைப் பாருங்கள். தள்ளி நின்று இயல்பாகப் போடுபவருக்கு இந்த மாற்றம் ஒரு பொருட்டல்ல.

வளையத்தருகே ஆடும் உயரமான சென்டர்களை மதிப்பிடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். என்பிஏவில் 2001–02 முதல் தடுப்பு மூன்று விநாடி விதி இருக்கிறது: யாரையும் நெருக்கமாகக் காக்காமல் வளையத்தின் கீழுள்ள வண்ணப் பகுதியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. கல்லூரியில் இந்த விதி இல்லை. ஏழடி உயரக்காரர் வளையத்துக்கு முன்னால் கோயில் தூண்போல் நின்றுகொண்டே ஆட்டத்துக்கு மூன்று பிளாக் எடுத்துவிடலாம். என்பிஏவில் அவரை வெளியே இழுப்பார்கள். ஸ்கிரீன் வைத்து (காப்பவரின் வழியை உடலால் மறித்து), பந்து வைத்திருக்கும் வேகமான கார்டை அவர் எதிரில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் அவருடைய இடுப்பு திரும்புகிறதா, கால் நகர்கிறதா என்பதில்தான் அவருடைய விலை இருக்கிறது.

பர்டியூவின் சேக் ஈடி நல்ல எடுத்துக்காட்டு. 7 அடி 4 அங்குலம். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் சிறந்த வீரர். 2023இல் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்து, பிறகு விலக்கிக்கொண்டு கல்லூரிக்கே திரும்பினார். மறு ஆண்டு இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட்டுக்கு எதிராக 37 புள்ளி எடுத்தார். அந்த ஜூனில் மெம்ஃபிஸ் அவரை 9ஆவது இடத்தில் எடுத்தது. இரண்டு முறை நாட்டின் சிறந்தவர் என்று பேரெடுத்தவருக்கு முன்னால் எட்டுப் பேர் போனதற்குக் காரணம் அந்த இடுப்பையும் காலையும் பற்றிய ஐயம்தான். ஓராண்டு திரும்பி வந்து மூச்சையும் ஓட்டத்தையும் வளர்த்துக்கொண்டதால்தான் 9ஆவது இடமாவது கிடைத்தது என்று நான் நம்புகிறேன்.

ஒரே ஆளை மட்டும் பார்ப்பது

இனி எண்களை மூடிவைத்துவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள். வழிமுறையில் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒரே ஆட்டத்தை இரண்டு முறை பார்க்கிறேன். முதல் முறை எல்லோரையும்போல் பந்தோடு போகிறேன். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு, நமக்கு வேண்டிய ஒருவரை மட்டும் பார்க்கிறேன். பந்து எங்கே போனாலும் கண் அவரை விட்டு நகராது. வருணனையாளரின் குரல் இல்லாமல் பார்த்தால் ஆளே வேறாகத் தெரிவார். பலம் கூடிய எதிரணியோடு ஆடிய ஆட்டங்களாகத் தேர்ந்தெடுங்கள். நவம்பர் மாதத்தில் சிறு கல்லூரியை 40 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்த ஆட்டத்தில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

எதைப் பார்ப்பது? தடுப்பாட்டத்தில், எதிராளி மூலையில் பந்தில்லாமல் நிற்கிறார், நம் வீரர் உதவிக்காக வண்ணப் பகுதிவரை உள்ளே வந்து நிற்கிறார். திடீரென்று பந்து அந்த மூலைக்குப் போகிறது. இப்போது அவர் நான்கைந்து எட்டில் ஓடிப்போய் எறிதலை மறிக்க வேண்டும். இந்த ஓட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தேர்ந்தவர் முதல் இரண்டு எட்டை நீளமாக வைப்பார். நெருங்கியதும் எட்டு சிறிதாகும், முழங்கால் மடங்கும், இடுப்பு தாழும், ஒரு கை மட்டும் உயரும். எதிராளி எறிவதுபோல் பாசாங்கு காட்டி டிரிபிள் செய்தால், மடங்கிய முழங்காலோடு பக்கவாட்டில் நகர்ந்து கூடவே போவார். தேராதவர் கடைசிவரை நிமிர்ந்தபடியே ஓடி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எதிராளியைத் தாண்டிப் பறந்துவிடுவார். பின்னால் நான்கு பேர் ஐந்து பேரைக் காக்க வேண்டியிருக்கும். ஸ்கோர் ஷீட்டில் அந்தக் கூடை வேறு யார் தலையிலோ விழும். என்பிஏவில் ஒரே ஆட்டத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கும். இதைச் செய்யத் தெரியாத இளைஞரைப் பயிற்சியாளர் களத்தில் வைத்திருக்க மாட்டார், அவர் எவ்வளவு புள்ளி எடுப்பவராக இருந்தாலும்.

தாக்குதலிலும் இதே போலத்தான். பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறார்? கல்லூரியில் நட்சத்திரமாக இருப்பவர் பந்தைக் கொடுத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். என்பிஏ அணியில் பந்து இரண்டு மூன்று பேர் கையில்தான் சுற்றும். புதிதாக வருபவர் பெரும்பாலும் பந்தில்லாமல்தான் ஆட வேண்டும். பந்தைப் பிடித்தவுடன் எறிகிறாரா, இல்லை பிடித்து, இறக்கி, ஒருமுறை தட்டி, பிறகுதான் எறிகிறாரா? அந்த அரை விநாடி என்பிஏவில் அவருக்குக் கிடைக்காது.

2011ஐ நினைத்துப் பாருங்கள். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஜிம்மர் ஃபிரெடெட் ஆட்டத்துக்கு 28.9 புள்ளி, நாட்டிலேயே அதிகம், நாட்டின் சிறந்த வீரரும் அவர்தான். அந்த ஜனவரியில் சான் டியாகோ ஸ்டேட்டுக்கு எதிராக 43 புள்ளி எடுத்தார். எதிரணியில் கவாய் லெனர்டு இருந்தார். டிராஃப்டில் ஃபிரெடெட் 10ஆவது, லெனர்டு 15ஆவது. ஃபிரெடெட்டின் எறிதல் உண்மையான திறமை. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் என்பிஏவில் எந்த அணியும் பந்தை அவர் கையிலேயே விட்டுவைக்கத் தயாராக இல்லை. பந்தில்லாதபோது அவருக்குத் தர வேறு வேலையும் இல்லை. லெனர்டு முதல் நாளே எதிரணியின் சிறந்த விங் (பக்கவாட்டில் ஆடும்) வீரரைக் காக்கும் வேலைக்குப் பொருந்தினார். மற்றதெல்லாம் பிறகு வளர்ந்தது.

ஆட்டத்தைப் பார்த்து முடித்ததும் ஒரே வாக்கியத்தில் அவருடைய வேலையை எழுதிப் பாருங்கள். "மூலையில் நின்று எறிவார், எதிரணியின் இரண்டு வகை வீரர்களைக் காப்பார்." "இரண்டாம் ஐவரில் பந்தைக் கொண்டுபோவார், பறிகொடுக்க மாட்டார்." "ஸ்கிரீன் வைப்பார், வளையத்தருகே எகிறிப் பிடித்துப் போடுவார், எதிராளியின் எறிதலைத் தடுப்பார்." இப்படி ஒரு வாக்கியம் உங்களுக்கு வந்துவிட்டால் அவருக்கு இடம் இருக்கிறது. பக்கம் பக்கமாகப் புகழ முடிந்தும் இந்த ஒரு வாக்கியம் வரவில்லையென்றால் இரண்டாம் சுற்று, அல்லது அதற்கும் கீழே என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சிகாகோ அளவீடு

மே மாதத்தில் சிகாகோவில் நடக்கும் கம்பைன் என்னும் அளவீட்டு முகாமுக்கு ஏறத்தாழ 75 பேரை அழைப்பார்கள். அழைப்பு வந்ததா என்பதே ஒரு செய்தி; வரவில்லையென்றால் தேர்வாகும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. அங்கே ஷூ இல்லாமல் உயரம், எடை, கைகளைப் பக்கவாட்டில் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி உள்ள நீளம், நின்றபடி கை எட்டும் உயரம், குதிக்கும் உயரம், குறுக்கோட்ட வேகம் எல்லாவற்றையும் அளப்பார்கள். கல்லூரி வெளியிடும் உயரத்தை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது ஷூவோடு கொஞ்சம் தாராளமாகச் சொன்ன கணக்கு.

எனக்கு முக்கியமானது கைகளின் நீளமும் எட்டும் உயரமும். மிச்சிகன் ஸ்டேட்டின் டிரேமண்ட் கிரீன் தன் இடத்துக்குக் குள்ளம் என்று சொல்லித்தான் 2012இல் 35ஆவது இடம்வரை விட்டார்கள்; ஆனால் அவருடைய விரித்த கைகள் ஏழடிக்கு மேல். வலிமைச் சோதனைகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: 2007இல் கெவின் டுரான்டால் 185 பவுண்டு எடையை ஒரு முறைகூடத் தூக்க முடியவில்லை. ஆனாலும் 2ஆவது இடத்தில் எடுத்தார்கள், எடுத்தது சரியாகவே இருந்தது. டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தின் டெஸ்மண்ட் பேனுக்குக் கைகள் குட்டை. 2020இல் 30ஆவது இடம்வரை சரிந்தார். எறிதல் மிக உறுதியாக இருந்ததால் லீக்கில் நிலைத்துவிட்டார். கைநீளம் குறைந்தால் வேறு ஏதாவது ஒன்று மிகத் தூக்கலாக இருக்க வேண்டும்.

மருத்துவ அறிக்கை நம் கண்ணுக்கு வராது. ஒரு வீரர் காரணம் தெரியாமல் சரிந்தால் அதைத்தான் முதலில் நினையுங்கள். மிசௌரியின் மைக்கேல் போர்ட்டர் ஜூனியர் முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 2018இல் 14ஆவது இடம்வரை இறங்கினார். ஐந்து ஆண்டு கழித்து டென்வர் கோப்பை வென்றபோது தொடக்க ஐவரில் இருந்தார்.

போவதா, இன்னும் ஓராண்டு இருப்பதா

இது அந்த இளைஞரின் வாழ்க்கை. வெளியிலிருந்து கணிக்கும் நாமும் அதே கவனத்தோடுதான் பேச வேண்டும். முன்கூட்டியே போக விரும்புபவர் டிராஃப்டுக்கு 60 நாள் முன்பு பெயர் கொடுக்க வேண்டும். என்பிஏ விதிப்படி 10 நாள் முன்புவரை விலகலாம். ஆனால் கல்லூரியில் மீண்டும் ஆட வேண்டுமானால் என்சிஏஏ கெடுவையும் பார்க்க வேண்டும். அது கம்பைன் முடிந்த 10ஆவது நாளிலேயே வந்துவிடுகிறது. இரண்டு தேதிகளையும் நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டால் மே மாதச் செய்திகள் தெளிவாகப் புரியும். பெயர் கொடுத்துவிட்டார் என்பதற்காக உறுதியாகப் போகிறார் என்று நினைத்துவிடக் கூடாது. அணிகள் என்ன சொல்கின்றன என்று கேட்டுப் பார்க்கவே பலர் பெயர் கொடுக்கிறார்கள்.

கணக்கும் அண்மையில் மாறியிருக்கிறது. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025–26 முதல் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். அந்த முதல் பருவத்தில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை. மறுபக்கம், டூ-வே ஒப்பந்தத்தில் (என்பிஏ அணியிலும் அதன் கீழ்நிலை அணியிலும் மாறி மாறி ஆடுவதற்கானது) 2025–26 பருவத்துக்கு ஏறத்தாழ 6 லட்சத்து 36 ஆயிரம் டாலர். பெரிய கல்லூரியில் நல்ல வீரருக்கு அதைவிட அதிகம் கிடைக்கிறது. 2021இல் முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 350க்கும் மேல். 2025இல் 106 பேர்தான். ஆகவே இரண்டாம் சுற்றின் பின்பாதியில் நிற்கும் இளைஞர் கல்லூரிக்குத் திரும்பினால் அதைத் தோல்வி என்று எழுதாதீர்கள். முதல் சுற்று உறுதி என்றால் போகட்டும். உறுதியில்லையென்றால் இருக்கட்டும் என்பதே என் கட்சி. ஒரு விலக்கு: உடலும் ஆட்டமும் இதற்கு மேல் வளராது என்று தெரிந்தால் காத்திருப்பதில் பயனில்லை, அடுத்த ஆண்டு வயது ஒன்று கூடியிருக்கும், பட்டியலில் புதிய முகங்கள் வந்திருக்கும்.

பட்டியல்களைப் படிப்பது, பெயர் வராத இரவு

வெளியாகும் பட்டியல்கள் இரண்டு வகை. ஒன்று வீரர்களின் தரவரிசை. மற்றது எந்த அணி யாரை எடுக்கும் என்ற ஊகம். முதலாவதை டிசம்பரிலிருந்தே படிக்கலாம். இரண்டாவது வகையை லாட்டரி குலுக்கல் முடியும்வரை தொடவே வேண்டாம். 2025இல் டல்லஸுக்கு முதல் இடம் கிடைக்க 1.8 சதவீத வாய்ப்புதான் இருந்தது, கிடைத்துவிட்டது; அதற்கு முன் எழுதிய ஊகங்கள் எல்லாம் அன்றே குப்பைக்குப் போயின. ஒரு பட்டியலை மட்டும் நம்பாமல் நான்கைந்தை அடுக்கிப் பாருங்கள். எல்லாவற்றிலும் 20க்கும் 28க்கும் நடுவில் வருபவர் பாதுகாப்பானவர். ஒன்றில் 12, மற்றொன்றில் 45 என்று வருபவரைப் பற்றி அணிகளுக்குள்ளும் அதே கருத்து வேறுபாடு இருக்கும். அவரை விரும்பும் ஓர் அணி போதும், எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

கடைசி இருபது இடங்களில் வேறொரு கணக்கு ஓடும். 50ஆவது இடத்தில் எடுக்கப்படுவதைவிட, எடுக்கப்படாமல் தனக்குப் பொருந்தும் அணியைத் தானே தேர்ந்தெடுப்பது சில வீரர்களுக்கு நல்லது. ஓக்லஹோமாவின் ஆஸ்டின் ரீவ்ஸ் 2021இல் அப்படித்தான் இரண்டாம் சுற்று வாய்ப்பை விட்டுவிட்டு, லேக்கர்ஸில் டூ-வே ஒப்பந்தம் வாங்கினார் என்பது பரவலாக வெளிவந்த செய்தி. ஃபிரெட் வான்விலீட், அலெக்ஸ் கரூசோ இருவரும் 2016இல் யாரும் எடுக்காமல் விட்டவர்கள். இருவருமே பின்னாளில் கோப்பை வென்ற அணிகளில் ஆடினார்கள். ஆகவே இரண்டாம் சுற்று முடிந்ததும் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். ஒப்பந்தச் செய்திகள் அந்த இரவிலேயே வரத் தொடங்கும். ஓர் அணிக்கு மூன்று டூ-வே இடங்கள் உண்டு. அவர் சேர்ந்த அணியில் அவை ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றனவா, அவர் ஆடும் இடத்தில் எத்தனை பேர் உத்தரவாத ஒப்பந்தத்தோடு இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பிறகு ஜூலையில் லாஸ் வேகாஸ் கோடைக்கால ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் பலருக்குப் பதற்றத்தில் எறிதல் குட்டையாக விழும். அதை விட்டுவிட்டு இரண்டாவது ஆட்டத்திலிருந்து குறிப்பெடுங்கள். புள்ளியைப் பார்க்காமல், நீங்கள் எழுதிய அந்த ஒரு வாக்கியத்திலுள்ள வேலையைப் பயிற்சியாளர் அவருக்குத் தருகிறாரா என்று பாருங்கள். இறுகிய ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் அவர் களத்தில் இருந்தால், பயிற்சி முகாம் பட்டியல் வரும்போது அவர் பெயரைத் தேடுங்கள்.